1,42,000 வரி துணி ரோல் எக்ஸெல் ஃபைல்: எண்டர் தட்டுனா ரெண்டு நிமிஷம் நின்னத சரி பண்ணுன அனுபவம்

திருப்பூர்ல ஒரு சின்ன எக்ஸ்போர்ட் யூனிட்ல ஆபீஸ் வேலை பாக்குறேன்ங்க. எங்க துணிக் கணக்கு பூரா ஒரே ஒரு எக்ஸெல் ஃபைல்ல ஓடுது. நிட்டிங்ல இருந்து கிரே துணி (சாயம் போடாதது) ரோல் ரோலா வரும், அது சாயப்பட்டறைக்குப் போகும், அங்க இருந்து காம்பாக்டிங் (துணி பின்னாடி சுருங்காம இருக்க அழுத்துறது) போகும், அப்புறம் கட்டிங். ஒவ்வொரு எடத்துலயும் ரோலை எடை போட்டு ஒரு வரி. ஆக ஒரு ரோல் வெளிய போயிட்டு உள்ள வர்றதுக்குள்ள மூணு நாலு வரி ஆயிடும். 2022 ஜூன்ல ஆரம்பிச்ச ஃபைல், இப்ப 1,42,000 வரி.

பிரச்சன என்னன்னா, ஸ்டோர்ல இருக்கிற அக்கா ஒரு ரோல் எடைய அடிச்சு எண்டர் தட்டுனா ஸ்க்ரீன் வெள்ளையாயிடும். கீழ வலது மூலைல கால்குலேட்டிங்னு போட்டு 1%, 3%, 4%னு நகரும். ரெண்டு நிமிஷத்துக்கு மேல ஆகும் அது முடிய. லாரி வாசல்ல நிக்குது, 60 ரோல் இறக்கணும், எப்படிங்க ஒவ்வொண்ணா அடிக்கிறது? அதனால அக்கா ஒரு நீள நோட்டு வாங்கி வச்சுக்கிட்டாங்க. எல்லா எடையும் முதல்ல நோட்டுல, அப்புறம் சாப்பாட்டு நேரத்துல இன்னொரு காலி ஃபைல்ல அடிச்சு வச்சு மொத்தமா காப்பி பண்ணி ஒரே பேஸ்ட், பேஸ்ட் பண்ணிட்டு கைய கட்டிக்கிட்டு உக்காந்திருப்பாங்க. ஒரே வேலைய ரெண்டு தடவ செஞ்சுக்கிட்டு இருந்தாங்க, அதுவும் ஒரு வருஷத்துக்கு மேல. போன மாசம் நோட்டுல 23.4-ன்னு எழுதுனது ஃபைல்ல 32.4-ன்னு ஏறி, அந்த எடையோட டிசி (துணியோட அனுப்புற டெலிவரி சலான்) போயி, காம்பாக்டிங்காரங்க போன் பண்ணி கேட்டாங்க. அன்னைக்குதான் இத உக்காந்து பாத்தே ஆகணும்னு முடிவு பண்ணேன்.

மொதலாளி நல்ல மனுஷன், புது கம்ப்யூட்டர் வேணும்னா வாங்கிக்கன்னுட்டாரு. வாங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவ சோதிச்சுப் பாத்துரலாம்னு மெர்ச்சண்டைசரோட லேப்டாப்ப ஒரு சாயங்காலம் கேட்டு வாங்குனேன். அது 16 ஜிபி ராம், எஸ்எஸ்டி. ஸ்டோர் சிஸ்டம் 8 ஜிபி, பழைய ஹார்ட் டிஸ்க். ரெண்டுலயும் அதே எக்ஸெல் 2016தான். ஃபைல் தொறக்குறது 3 நிமிஷம் 10 செகண்டுல இருந்து 1 நிமிஷம் 15-க்கு வந்துச்சு, ஆனா எண்டர் தட்டுனா 130 செகண்ட் ஆனது 104 செகண்ட் ஆச்சு, அவ்வளவுதான். தொறக்குறது டிஸ்க் சம்பந்தப்பட்டது, எண்டர் தட்டுறது கணக்கு சம்பந்தப்பட்டது, ரெண்டும் வேற வேற நோய்னு அங்கயே புரிஞ்சுருச்சு. கம்ப்யூட்டர் வாங்க வேண்டாம்னு சொல்லிட்டேன்.

முதல் வேலையா ஃபைல ஒரு காப்பி எடுத்தேன், ஒரிஜினல தொடவே இல்ல. காப்பில ஃபார்முலாஸ் டேப்ல போயி கால்குலேஷன மேனுவலுக்கு மாத்துனேன். இப்ப எண்டர் தட்டுனா எதுவும் ஓடாது, எஃப் 9 அமுத்துனாதான் ஓடும். ஷிஃப்ட் எஃப் 9 போட்டா நிக்கிற ஷீட் மட்டும். கண்ட்ரோல் ஆல்ட் எஃப் 9 போட்டா, மாறுனது மாறாதது எல்லாத்தையும் முதல்ல இருந்து கணக்கு போடும். இந்த மூணும் தெரியாம இந்த வேலைக்கு எறங்கக் கூடாது. அப்புறம் ஒரு சின்ன மேக்ரோ (எக்ஸெலுக்கு உள்ள ஓடுற குட்டி புரோகிராம்) எழுதுனேன், டைமர் எடுத்து வச்சுக்கிட்டு ஒவ்வொரு ஃபார்முலா காலத்தையும் (மேல இருந்து கீழ போற நெடுவரிசை) தனித்தனியா ரேஞ்ச் கால்குலேட்னு ஓட்டி, எத்தன செகண்ட்னு ஒரு ஷீட்ல எழுதிரும். ஷீட் கால்குலேட்னு ஓட்டாதீங்க, அது மாறுன செல்ல மட்டும்தான் போடும், அதனால ரெண்டாவது தடவ ஓட்டுனா ஜீரோ காட்டும். ரேஞ்ச் கால்குலேட் போட்டா மாறலன்னாலும் போடும்.

ரிசல்ட் வந்தப்ப ஆச்சரியமாயிருச்சு. ஃபைல்ல 11 ஷீட் இருக்கு, அதுல எட்டு ஷீட் சேந்து ஒரு செகண்ட் கூட எடுக்கல. ரோல் ஷீட்ல 'முந்துன எடை'ன்னு ஒரே ஒரு காலம் மட்டும் 71 செகண்ட். அதே ஷீட்ல ஆர்டர் மாஸ்டர்ல இருந்து ஸ்டைல், கலர், டயா (துணி அகலம்), ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியோட கிராம் எடை)னு எடுத்துட்டு வர்ற ஏழு வீலுக்கப் (லிஸ்ட்ல தேடி எடுக்குற ஃபார்முலா) காலமும் சேந்தே 9 செகண்ட்தான். சம்மரி ஷீட் 46. ஏஜிங் ஷீட் 4. நான் அதுவரைக்கும் அந்த ஏழு வீலுக்கப் மேலதான் பழி போட்டுக்கிட்டு இருந்தேன். அளக்காம ஆரம்பிச்சிருந்தா அந்த 9 செகண்டுக்கு ஒரு வாரம் செலவு பண்ணிருப்பேன்.

அந்த முந்துன எடை காலம் என்ன பண்ணுதுன்னா, சாயம் போட்டு வந்த ரோலுக்கு கிரேல என்ன எடை இருந்துச்சுன்னு அதே ஷீட்ல தேடி எடுக்கும், அத வச்சுத்தான் புராசஸ் லாஸ் எத்தன சதவீதம்னு பாக்குறது. நிட்டிங் கம்பெனி கோடும் ரோல் நம்பரும் புராசஸும் சேத்து ஒரு கீ (ரோலோட அடையாளம்) காலம், அதுல வீலுக்கப், கரெக்ட் மேட்ச். தேடுற எடம் முழு காலம். கரெக்ட் மேட்ச்னா மேல இருந்து ஒவ்வொரு வரியா பாத்துக்கிட்டே வரும், சராசரியா பாதி தூரம் போனாதான் கெடைக்கும். 1,42,000 வரி, ஒவ்வொண்ணும் சராசரியா 71,000 வரி பாக்குதுன்னா பெருக்கிப் பாருங்க, ஆயிரம் கோடிக்கு மேல ஒப்பிடல் வருது. எக்ஸெல் சோம்பேறித்தனம் எதுவும் பண்ணல, நாம கேட்ட கேள்வி அவ்ளோ பெருசு.

சரி, ஒரு தடவ ஓடட்டும், ஆனா ஒரு ரோல் சேத்தா அந்த ஒரு வரிக்கு மட்டும்தான ஓடணும், ஏன் மொத்தமும் ஓடுது? இங்கதான் விஷயமே இருக்கு. எக்ஸெல் புத்திசாலித்தனமா, மாறுன செல்ல நம்பியிருக்கிற ஃபார்முலாவ மட்டும்தான் திரும்ப போடும். ஆனா நம்ம ஃபார்முலா ஒவ்வொண்ணும் முழுக் காலத்த பாக்குது. அந்தக் காலத்துல எங்கயோ கீழ ஒரு செல் மாறுனா, 'இந்தக் காலத்த பாக்குறவங்க எல்லாரும் மறுபடி போடுங்க'ன்னு ஆயிடும், 1,42,000 பேரும் எந்திரிச்சு நிப்பாங்க. அக்கா ஒரு எடை அடிச்சா, 2022-ல வெட்டி தைச்சு ஷிப்மெண்ட் ஆகிப்போன டீ-ஷர்ட்டோட துணிக்குக் கூட முந்துன எடை மறுபடி தேடப்படுது. பத்தாததுக்கு சம்மரி ஷீட்டுக்கு ஆஃப்செட் வச்சு ஒரு டைனமிக் பேர் (லிஸ்ட் நீண்டா கூடவே நீளுறது) கொடுத்திருந்தாங்க, எனக்கு முன்னாடி இருந்தவரு பண்ணுனது. ஆஃப்செட், இன்டைரக்ட், நவ், டுடே, ராண்ட் இதெல்லாம் வாலட்டைல் ஃபங்ஷன், எதுவுமே சம்பந்தமில்லாத செல்ல மாத்துனாலும் ஒவ்வொரு தடவையும் ஓடும், அத நம்பியிருக்கிறதும் கூடவே ஓடும். சும்மா ஒரு காலி செல்ல ஒரு எழுத்து அடிச்சாலும் சம்மரி 46 செகண்ட் ஓடுனதுக்கு அதான் காரணம்.

தேடுறதுலயே இன்னொரு கோளாறும் கெடந்துச்சு. கெடைக்காத ரோலுக்கு எக்ஸெல் பாதில நிக்காது, கடைசி வரி வரைக்கும் பாத்துட்டுதான் இல்லன்னு சொல்லும். ஃபில்டர் போட்டுப் பாத்தா 11,000 சொச்சம் வரில முந்துன எடை இல்லன்னு எர்ரர். ஒரு செல்ல எஃப் 2 அமுத்திப் பாத்தா கர்சர் நம்பருக்குப் பக்கத்துல நிக்காம ஒரு எழுத்து தள்ளி நிக்குது. நிட்டிங் கம்பெனில இருந்து வர்ற லிஸ்ட்ல ரோல் நம்பருக்குப் பின்னாடி ஒரு ஸ்பேஸ், அத அப்படியே பேஸ்ட் பண்ணிக்கிட்டு இருந்திருக்கோம். ட்ரிம் போட்டு சுத்தம் பண்ணுனதும் அதுல முக்காவாசி சரியாயிடுச்சு, மீதி உண்மையிலயே கிரே எடை போடாம விட்டது.

இப்ப என்ன பண்றதுன்னு யோசிச்சப்ப, முதல்ல வரிசைப்படுத்தி வேகமா தேடுற வழிதான் மனசுல வந்துச்சு. வரிசையா இருக்கிற லிஸ்ட்ல எக்ஸெல் நடுவுல பாத்து, மேலயா கீழயான்னு பாதிய தள்ளி, மறுபடி நடுவுல பாத்துன்னு போகும். 1,42,000 வரிக்கு 18 தடவ பாத்தா போதும், 71,000 எங்க, 18 எங்க. ஆனா ரோல் ஷீட் வந்த தேதி வரிசைல இருக்கணும்னு அக்கா கண்டிப்பா சொல்லிட்டாங்க, லாரி வந்த வரிசைலதான் அவங்க சரிபாப்பாங்க, அது நியாயமானதுதான். வேலை செய்யிறவங்க கைப்பழக்கத்த மாத்திட்டு வேகம் கொண்டு வர்றதுல எனக்கு உடன்பாடு இல்ல.

அப்பதான் எத்தன வரி உயிரோட இருக்குன்னு எண்ணிப் பாத்தேன். ஓப்பன் ஆர்டர்ல இருக்கிற ரோல் எல்லாம் சேத்து 9,000 வரி. மீதி 1,33,000 வரி முடிஞ்சுபோன ஆர்டர், இனி எடை மாறவே மாறாது. அதுக்கு ஃபார்முலா எதுக்கு? முடிஞ்சத எல்லாம் காப்பி, பேஸ்ட் வேல்யூஸ் (ஃபார்முலா இல்லாம விடைய மட்டும் ஒட்டுறது) போட்டு தனி ஆர்க்கைவ் ஃபைலுக்கு நகத்திட்டேன். இருக்கிற 9,000 வரிய டேபிளா மாத்துனேன், கண்ட்ரோலும் T எழுத்தும். டேபிள்னா கீழ புது வரி அடிச்சா அதுவே நீண்டுக்கும், ஆஃப்செட் தேவையே இல்ல, முழுக் காலத்தையும் சுட்ட வேண்டாம். 9,000 வரி, சராசரி 4,500 பாத்தா 4 கோடி ஒப்பிடல்தான், அதே முந்துன எடை காலம் அரை செகண்டுக்குள்ள வந்துருச்சு. தேடுற முறைய மாத்தவே இல்ல.

ஏழு வீலுக்கப்பையும் மாத்துனேன். ஒரே ஆர்டர் நம்பர ஏழு தடவ தேடுறதுக்குப் பதிலா, ஒரு உதவிக் காலத்துல மேட்ச் போட்டு எத்தனாவது வரின்னு ஒரு தடவ எடுத்து வச்சுக்கிட்டு, ஏழு காலத்துக்கும் இண்டெக்ஸ் போட்டு அந்த வரில இருந்து எடுத்துக்கறது. தேடுறதுதான் செலவு, எடுக்குறது செலவே இல்ல. புது 365 வெர்ஷன் வச்சிருக்கிறவங்களுக்கு இது அவ்ளோ வித்தியாசம் தெரியாது, 2018-ல அவங்க வீலுக்கப்புக்கு உள்ளயே ஒரு பட்டியல் போட்டு நெனவுல வச்சுக்கிற மாதிரி மாத்திட்டாங்க, ஒரே எடத்துல திரும்பத் திரும்ப தேடுனா வேகமா வரும். எங்ககிட்ட இருக்கிறது 2016 ஒரே தடவ வாங்குனது, அதுல அது கிடையாது.

சம்மரி ஷீட்ல 340 ஆர்டர், ஆறு காலம், ஆக 2,040 ஃபார்முலா, எல்லாமே சம்ப்ராடக்ட் (பெருக்கிக் கூட்டுற ஃபார்முலா), எல்லாமே முழுக் காலம். சம்ப்ராடக்ட் நாம சொன்ன எடம் பூராவும் போகும், காலியா இருந்தாலும் போகும். ஒரு காலத்துல 10,48,576 வரி. 2,040-ஆல பெருக்குனா 213 கோடி செல், அதுவும் ஒரு கண்டிஷனுக்கு, எங்களுக்கு மூணு கண்டிஷன். சம்இஃப்ஸ்க்கு (கண்டிஷன் ஒத்தா மட்டும் கூட்டுறது) மாத்துனேன், அது டேட்டா இருக்கிற வரைக்கும்தான் போகும். அதுலயும் டேபிள் காலத்த மட்டும் கொடுத்தேன். 46 செகண்ட் போயி அரை செகண்ட் கூட இல்ல. சம்ப்ராடக்ட் கெட்டது இல்ல, சில எடத்துல அது இல்லாம ஆகாது, ஆனா ஆர்டரும் புராசஸும் தேதியும் பாத்து கிலோ கூட்டுறதுக்கு சம்இஃப்ஸ் தாராளமா போதும்.

இது வரைக்கும் ரெண்டு நாள் வேலை. மூணாவது நாள்தான் எனக்கு வயித்துல புளியக் கரைச்சது.

புது ஃபைலும் பழைய ஃபைலும் ஒரே பதில் சொல்லுதான்னு பாக்காம அக்கா கைல கொடுக்க மாட்டேன்னு வச்சிருந்தேன். ரெண்டையும் பக்கத்துல வச்சு ஆர்டர் வாரியா மொத்த கிலோ, லாஸ் சதவீதம் எல்லாம் கழிச்சுப் பாத்தேன். கிலோ எல்லாம் ஒத்துப்போச்சு. லாஸ் மட்டும் ரெண்டு ஆர்டர்ல ஒதைக்குது. பழைய ஃபைல் 11%னு சொல்லுது, புதுசு 5%னு சொல்லுது. நான்தான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்னு நெனச்சு ஒரு ரோல எடுத்து கையால போட்டுப் பாத்தேன். சாயம் போட்டு வந்த எடை 22.4 கிலோ. கிரே டிசில 23.6 கிலோ. கழிச்சா 5% சொச்சம், எங்க பேச்சுப்படி அனுமதிச்ச அளவுதான். ஆனா பழைய ஃபைல் கிரே எடை 25.2-ன்னு காட்டுது. அந்த 25.2 எங்க இருந்து வந்துச்சுன்னு கீய தேடுனா, அதே நிட்டிங் கம்பெனி, அதே ரோல் நம்பர், ஆனா போன வருஷத்து வரி. அந்தக் கம்பெனி மட்டும் ஏப்ரல் ஆனா ரோல் நம்பர 1-ல இருந்து ஆரம்பிக்கிறாங்க. எங்க கீல வருஷம் இல்ல. வீலுக்கப் மேல இருந்து முதல்ல கெடைக்கிறத எடுத்துக்கும், மேல இருக்கிறது பழசு. அப்ப நாங்க வாங்குன துணி ரோலுக்கு 25 கிலோ பக்கம் வரும், இப்ப 23-24 தான் வருது. எடை கிட்டத்தட்ட இருக்கிறதால யாருக்கும் சந்தேகம் வரல. எண்ணிப் பாத்தா 2,316 ரோல் இப்படி தப்பு எடைய பாத்துக்கிட்டு இருந்திருக்கு.

அக்கா ஆறு மாசமா சொல்லிக்கிட்டுதான் இருந்தாங்க, "தம்பி, அந்தப் பட்டறைக்காரரு அப்படி பண்ற ஆள் இல்ல, லாஸ் எங்கயோ தப்பா வருது, பாரு"ன்னு. நான் ஃபைல நம்புனேன், அவங்கள நம்பல. அதுக்குள்ள லாஸ் அதிகம்னு அந்த சாயப்பட்டறைக்கு ரெண்டு டெபிட் நோட் போயிருச்சு, பில்லுல பிடிச்சுட்டோம். அன்னைக்கு சாயங்காலமே ரெண்டு ஃபைலையும் எடுத்துக்கிட்டுப் போயி மொதலாளிகிட்ட காமிச்சேன். அவரு ஒண்ணும் பேசல, ரெண்டு ரோலு டிசிய அவரே எடுத்துப் பாத்தாரு, அப்புறம் கிரெடிட் நோட் போடச் சொல்லிட்டு போன எடுத்து அந்த பட்டறைக்காரர்கிட்ட "தப்பு எங்க பக்கம்ங்க"ன்னு அவரே சொன்னாரு. இப்ப கீல வருஷத்தையும் சேத்தாச்சு, ஒரே கீ ரெண்டு தடவ வந்தா டேட்டா வேலிடேஷன்ல அடிக்கவே விடாது. பெரிய ஃபைல்ல வீலுக்கப் வச்சிருக்கிறவங்க ஒரு தடவ தயவு செஞ்சு கவுண்ட்இஃப்போ பிவட்டோ போட்டு கீ ரெட்டிப்பா இருக்கான்னு பாத்துருங்க. மெதுவா இருக்குங்கறத விட இது பெரிய ஆபத்து, ஏன்னா இதுக்கு எர்ரரே வராது.

ஃபைல் சைசுக்கு வருவோம். 96 எம்பி இருந்துச்சு. பழச நகத்துனா குறையும்னு பாத்தா, 9,000 வரி ஃபைலே 40 எம்பி நிக்குது. கண்ட்ரோல் எண்ட் அமுத்துனேன், கர்சர் 10,48,576-வது வரிக்குப் போயி நிக்குது, யாரோ எப்பவோ கடைசி வரைக்கும் பார்டர் போட்டிருக்காங்க. டேட்டாவுக்குக் கீழ இருக்கிற எல்லா வரியையும் செலக்ட் பண்ணி, டெலிட் பட்டன் இல்ல, ரைட் கிளிக் பண்ணி டெலிட் குடுத்து சேவ் பண்ணுனாதான் அது போகும். அப்புறம் கண்டிஷனல் ஃபார்மேட்டிங் (கண்டிஷன் பாத்து செல்லுக்கு கலர் போடுறது), ரூல்ஸ் ஜன்னல் தொறக்கவே ஒண்ணரை நிமிஷம் ஆச்சு, உள்ள 1,870 ரூல். நாங்க போட்டது மூணே மூணு ரூல்தான், ஒவ்வொரு தடவ வரிய காப்பி பேஸ்ட் பண்றப்பவும் ரூலும் துண்டு துண்டா ஒட்டிக்கிட்டே வந்திருக்கு. இது கணக்குக்கு மட்டும் இல்ல, ஸ்க்ரோல் பண்றப்பகூட ஸ்க்ரீன்ல தெரியிற செல்லுக்கெல்லாம் திரும்பத் திரும்ப ஓடும், மவுஸ் சக்கரத்த உருட்டுனா திக்கித் திக்கி நகந்ததுக்கு இதுதான் காரணம். எல்லாத்தையும் அழிச்சுட்டு மூண மறுபடி போட்டேன், அக்காகிட்ட பேஸ்ட் பண்றப்ப பேஸ்ட் வேல்யூஸ் போடச் சொல்லிட்டேன். கண்ணுக்கே தெரியாத படம் ஒரு 4,300 வேற இருந்துச்சு, மெயில்ல இருந்து காப்பி பண்றப்ப ஒட்டிக்கிட்டது, எஃப் 5 போட்டு ஸ்பெஷல்ல ஆப்ஜெக்ட்ஸ் செலக்ட் பண்ணி மொத்தமா டெலிட். இதெல்லாம் முடிஞ்சதும் 40 எம்பி 3 எம்பிக்குக் கீழ வந்துருச்சு.

ஆர்க்கைவ் ஃபைல எக்ஸ்எல்எஸ்பின்னு பைனரியா சேவ் பண்ணுனேன். சாதாரண எக்ஸ்எல்எஸ்எக்ஸ்ங்கறது ஜிப் ஃபைல்தான், உள்ள எழுத்தா எக்ஸ்எம்எல் இருக்கும், தொறக்குறப்ப அத்தனையும் படிச்சு எண்ணா மாத்தணும். பைனரில அந்த வேலை கம்மி, சைசும் கம்மி, 11 எம்பில முடிஞ்சுது. துணி வித்து பல மாசம் கழிச்சும் ஷேட் கம்ப்ளைண்ட் (கலர் ஒத்து வரலன்னு) வரும், அப்ப பழைய ரோல தேடணும். அதுக்கு ஆர்க்கைவ கீ வரிசைல அடுக்கிட்டேன், இங்க தேதி வரிசை யாருக்கும் தேவையில்ல, அதனால அந்த 18 தடவ பாக்குற வேகமான தேடல் இங்க உதவுச்சு. ஒண்ணு மட்டும் ஜாக்கிரதையா இருக்கணும், அந்த முறைல ரோல் இல்லன்னா இல்லன்னு சொல்லாது, அதுக்கு முந்துன ரோல எடுத்துக் குடுத்துரும். அதனால முதல்ல கீயையே தேடி எடுத்து, நாம கேட்டதும் வந்ததும் ஒண்ணான்னு பாத்துட்டு, ஒண்ணா இருந்தா மட்டும் எடைய எடுன்னு ரெண்டு கட்டமா போடணும்.

இடைல நான் பண்ணுன ஒரு தப்ப சொல்லியே ஆகணும். மேனுவல் கால்குலேஷன்ல வச்சிருந்த காப்பிய அப்படியே சேவ் பண்ணி, பாத்துட்டு சொல்லுங்கன்னு அக்கா சிஸ்டத்துல வச்சுட்டேன். எக்ஸெல் முதல்ல தொறக்குற ஃபைல்ல என்ன மோட் இருக்கோ அதையே அதுக்கப்புறம் தொறக்குற எல்லா ஃபைலுக்கும் எடுத்துக்கும். அக்கா காலைல இத தொறந்தாங்க, மதியம் அதே சிஸ்டத்துல அக்கவுண்ட்ஸ் தம்பி சாய ரேட் ஃபைல தொறந்து ரேட்ட மாத்துனாரு, மொத்தம் மாறல, அவரும் கவனிக்கல. பிரிண்ட் எடுத்து கையெழுத்துக்குப் போறப்ப, அங்க இருந்த பெரியவரு கால்குலேட்டர்ல தட்டிப் பாத்துட்டு ஒத்து வரலயேன்னு திருப்பி விட்டுட்டாரு. அவரு தட்டிப் பாக்கலன்னா தப்பு ரேட்டோட ஆர்டர் போயிருக்கும். அன்னைல இருந்து மேனுவல் மோட்ல எந்த ஃபைலையும் சேவ் பண்றதே இல்ல. 'ஃபைல் மெதுவா இருக்கா, மேனுவல்ல போட்டுக்கோங்க'ன்னு சிம்பிளா சொல்லிட்டுப் போறவங்க இத சேத்து சொல்றதில்ல.

டிசி பிரிண்ட் மேக்ரோ ஒண்ணு தனியா 140 செகண்ட் ஓடிக்கிட்டு இருந்துச்சு. அது ரோல் ஷீட்டுல ஒவ்வொரு செல்லா போயி படிச்சு, டிசி ஷீட்டுல ஒவ்வொரு செல்லா எழுதுது. ஒவ்வொரு எழுத்துக்கும் எக்ஸெல் ஸ்க்ரீன மாத்தும், கணக்கு போடும். மொத்த டேபிளையும் ஒரே மூச்சுல ஒரு அரேக்குள்ள (மெமரில இருக்கிற தற்காலிக அட்டவணை) வாங்கி, அங்கயே பிரிச்சு, ஒரே மூச்சுல எழுதற மாதிரி மாத்துனேன். ஓடுறப்ப ஸ்க்ரீன் அப்டேட்டிங்கையும் கால்குலேஷனையும் நிறுத்தி, முடிஞ்சாலும் சரி நடுவுல எர்ரர் வந்தாலும் சரி மறுபடி ஆன் பண்ற மாதிரி வச்சேன். இப்ப 2 செகண்ட்.

மாசக் கணக்குக்கு பவர் குவெரி, வேற ஃபைல படிச்சு சுருக்கித் தர்ற வசதி. 2016-ல அது உள்ளயே இருக்கு, டேட்டா டேப்ல கெட் அண்ட் ட்ரான்ஸ்ஃபார்ம்னு பேரு. ஆர்க்கைவ் ஃபைல படிச்சு, வேண்டாத காலத்த முதல்லயே எடுத்துட்டு, ஆர்டர் வாரியா கூட்டி, கூட்டுன 340 வரிய மட்டும்தான் ஷீட்ல எறக்குறேன். மொத்த டேட்டாவையும் கனெக்ஷன் ஒன்லின்னு விட்டுட்டேன். அத ஷீட்ல எறக்குனா மறுபடி பழைய கதைதான்.

இந்த வரி எல்லை விஷயம் எனக்கு ஒரு பயமாவே இருந்துச்சு. எக்ஸெல் 2007-க்கு முன்னாடி 65,536 வரிதான், 2007-லதான் 10,48,576 ஆச்சு, ஆனா பழைய எக்ஸ்எல்எஸ் ஃபார்மேட்ல இப்பவும் அதே 65,536தான். 2020-ல இங்கிலாந்துல செப்டம்பர் 25-ல இருந்து அக்டோபர் 2 வரைக்கும் 15,841 கொரோனா கேஸ் கணக்குல வராம விட்டுப்போச்சு, லேப்ல இருந்து வந்த டேட்டாவ பழைய எக்ஸ்எல்எஸ்ல போட்டதுல வரி நெறஞ்சு மீதி ஏறல, அவங்களோட பழகுனவங்கள தேடிச் சொல்றதும் தள்ளிப்போச்சு. எங்களுக்கு வர்ற ஒரு நிட்டிங் லிஸ்ட் இன்னும் எக்ஸ்எல்எஸ்லதான் வருது. மாச லிஸ்ட்டுங்கறதால சில ஆயிரம் வரிதான், பிரச்சன இல்ல, ஆனா வருஷ லிஸ்ட்டா கேட்டு வாங்காதீங்கன்னு அக்காகிட்டயும் அந்த கம்பெனிலயும் சொல்லி வச்சிருக்கேன். லிஸ்ட்டோட கடைசி வரில ரோல் எண்ணிக்கையும் மொத்த கிலோவும் போட்டு அனுப்பச் சொல்லிருக்கேன், ஏத்துனதும் ரெண்டும் ஒத்து வருதான்னு ஒரு செல் பச்சையா சிவப்பா காட்டும்.

64 பிட் எக்ஸெல் போடலாமான்னும் பாத்தேன். 32 பிட்ல எக்ஸெல்லுக்கு மெமரி எல்லை இருக்கு, பழைய 96 எம்பி ஃபைல் தொறந்திருக்கிறப்ப இன்னொண்ண தொறந்தா மெமரி போதலன்னு மெசேஜ் வந்துக்கிட்டுதான் இருந்துச்சு. ஆனா எடை மெஷின்ல இருந்து நேரா செல்லுக்கு எடை வர்றதுக்கு ஒரு பழைய கண்ட்ரோல் (எக்ஸெலோட சேர்ற குட்டி புரோகிராம்) போட்டிருக்கோம், அது 32 பிட், 64-ல ஏறாது. ஃபைலே சின்னதாயிட்டதால அப்படியே விட்டுட்டேன்.

போன திங்கக்கிழமை அக்கா சிஸ்டத்துல புது ஃபைல் வச்சேன். 48 ரோல் வந்துச்சு. ரோல தூக்கி வைக்கிறாங்க, எடை செல்ல வந்து விழுது, எண்டர், கர்சர் அடுத்த வரிக்குப் போயிருச்சு. அக்கா பழக்கத்துல நோட்ட எடுத்து தொறந்தாங்க, ரெண்டு ரோல் எழுதுனாங்க, அப்புறம் மூடி வச்சுட்டாங்க. முழு ஃபைலுக்கும் கண்ட்ரோல் ஆல்ட் எஃப் 9 போட்டா 2 செகண்ட் ஆகுது, தொறக்க 6 செகண்ட்.

இன்னும் ரெண்டு பேரு ஒரே நேரத்துல அடிக்கிற மாதிரி பண்ண முடியல, கட்டிங் பக்கத்துக்கு தனி ஃபைல்தான் ஓடுது, அத சேக்கணும்னா எக்ஸெல் விட்டு வெளிய வந்து ஒரு சின்ன டேட்டாபேஸ் பக்கம் போகணும், அத பொறுமையா படிச்சுக்கிட்டு இருக்கேன். வர்ற 1-ம் தேதி முதல் தடவையா மாச க்ளோசிங், முடிஞ்ச ஆர்டர ஆர்க்கைவுக்கு நகத்தணும். காப்பில ரெண்டு தடவ ஓட்டிப் பாத்துட்டேன், ரெண்டு தடவையும் லைவ் ஃபைலும் ஆர்க்கைவும் சேத்து மொத்த கிலோ, நகத்துறதுக்கு முன்னாடி இருந்த மொத்தத்தோட பாயிண்ட் வரைக்கும் ஒத்துப்போச்சு. மூணாவது தடவ அக்காவ பக்கத்துல வச்சுக்கிட்டு ஓட்டணும்.